பயில்வான் படம் போட்ட புளிப்புத்தூள்

— கத்திய எடு, அழகையா! என் கழுத்துல ரத்தம் வருது!

— வரட்டும், முனாப் மொதலாளி. என் பொஞ்சாதி புஷ்பம் வாயிலயும் வந்துச்சாம். ஒங்க கடைவாசல்லயே ரத்தமாக் கக்கிச் செத்துட்டாளாம். தோட்டத்துல எங்க லயத்து வீடெல்லாம் அதத்தான் சொல்லுது.

— அல்லாஹ்வே! நான் இப்பதான் கண்டியில இருந்து பஸ்ஸுல வந்து எறங்குறன். எனக்கு ஒண்டும் தெரியா.

— தெரியாதா? பயில்வான் படம் போட்ட இந்த டப்பாவ அவளுக்கு வித்தது யாரு? ஒரு கரண்டி கலக்கிக் குடிச்சா மலையேறத் தெம்பு வரும்னு சொன்னது யாரு?

— நான்தான். அது எலுமிச்சங்காயில இரிக்கிற புளிப்புத்தான். நஞ்சில்ல.

— இன்னொரு பொய் சொன்னா அறுத்துருவேன்!

— கேட்டுட்டு அறு. திங்கிற சோறு ஒடம்புக்குள்ள எரிஞ்சுதான் தெம்பு வருதாம். இந்தப் புளிப்பு அந்த அடுப்புக்கு ஊதுகுழல் மாதிரி எண்டு டிஸ்பென்சரி டாக்டர் சொன்னார். விறகே இல்லாத அடுப்ப ஊதி என்ன? வெறுங்குடல்ல ஊத்தினா புண்தான் வரும். சோத்துக்குப் பொறகு குடிக்கச் சொல்லித்தான் குடுத்தன்.

— சோத்துக்கு என்ன கொறச்சல்? மூணு வேளையும் வட்டில் நெறையப் போடுவாளே!

— யாருக்கு?

— எனக்குத்தான். நான் தின்னு எந்திரிச்சப்பறம்தான் அவ குந்துவா. எங்க வழக்கம் அது.

— அவ தின்னத எண்டைக்காவது கண்ணால பாத்தியா?

— கங்காணி அரிசியப் பாதியாக் கொறச்சுட்டான். என் வட்டில் மட்டும் கொறையல... ஐயோ, அது ஏன்னு நான் கேக்கவே இல்லையே!

— நானும் கேக்கல்ல, தம்பி. "நீ சாப்பிட்டியா, புள்ள?" எண்டு ஒரு வார்த்த கேட்டிரிந்தா...

— கிட்ட வராதீங்க! அவளே போனப்பறம் எனக்கென்ன? என் கழுத்த நானே...

— என்னங்க, அவர் கையப் புடிங்க! விடாதீங்க!

— சகீனா, நீ உள்ள போ! ஆ... கத்தி என்ட கையில!

— போக மாட்டன்! அழகையா, சத்தம் கேட்டுக் குசினியில இருந்து ஓடி வாறன். ஒங்கட பொண்சாதி மௌத்தாகல்ல. வாசல்ல பசியில மயங்கி விழுந்தவள நான்தான் உள்ள தூக்கிட்டுப் போய்ப் படுக்க வச்சுக் கஞ்சி காச்சினன்.

— உசுரோடயா? ராத்தா, உசுரோடயா இருக்கா?

— இரிக்கா. வந்து அந்தக் கஞ்சியில மொதல்ல நீங்க ஒரு வாய் குடிங்க. நீங்க சாப்பிடாம நான் தொடமாட்டன் எண்டு பல்லக் கடிச்சிக்கிட்டுக் கெடக்கா.