வேண்டாம்னு சொன்ன வீடுகள்

— முதல்ல செருப்பக் கழட்டிட்டு வந்து உக்காருங்க. என் வேலை போகல.

— நிஜமாவா?

— நிஜமாத்தாங்க.

— அப்பாடா. காலையிலேர்ந்து பஸ்ஸ ஓட்டினேனா, அதுவா ஓடிச்சான்னே தெரியல. மார்க்கெட் ஸ்டாப்புல கதவத் திறக்காமலே கிளம்பிட்டேன். பின்னாலேர்ந்து ஆறு பாஷையில திட்டு.

— தமிழ்லயும் திட்டினாங்களா?

— அது ஒண்ணுதான் சுருக்குனு தச்சுது.

— திட்டட்டும். வேலை போயிருந்தா அதுக்குக் காரணமே நீங்கதான்.

— நான் என்னம்மா பண்ணேன்?

— எங்க ஆஸ்பத்திரிலேர்ந்து வீடு வீடா ஆள் அனுப்பிக் கணக்கெடுத்தாங்களே. வீட்டுல யார் யாரு, என்ன பாஷை பேசறீங்க, டாக்டர்கிட்ட வந்தா கூட நின்னு உங்க பாஷையில சொல்ல ஆள் வேணுமான்னு. வேண்டாத பாஷைக்கு இனிமே ஆள் கிடையாதுன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. அது தெரிஞ்சும் நம்ம வாசல்ல நின்னு நீங்க என்ன சொன்னீங்க?

— வேண்டாம்னு சொன்னேன். சரிதானே? வீட்டுலயே ஆள் இருக்கும்போது ஆஸ்பத்திரி ஆள் எதுக்கு?

— அந்த ஆஸ்பத்திரி ஆளே நான்தாங்க.

— அட, அது அப்ப தோணலம்மா.

— உங்களுக்கு மட்டுமா தோணல? தையல்காரர் வீட்டுல வேண்டாம். மூணாம் மாடியில ரெட்டைக் குழந்தை பெத்தாளே, அவ வீட்டுல வேண்டாம். மளிகைக்கடைக்காரர், அவர் மச்சான், மச்சானோட மாமியார், யாருக்குமே வேண்டாம். எதுக்கு வேணும்? எல்லார் போன்லயும் என் நம்பர் இருக்கே. குழந்தைக்குக் காய்ச்சல்னா சோத்துல கை வெச்சிருக்கும்போது கூப்பிடறவங்க, கேக்க வந்தவங்ககிட்ட "நாங்களே சமாளிச்சுப்போம்"னு பெருமையா சொல்லி அனுப்பியிருக்காங்க.

— மத்த பாஷைக்காரங்க?

— அவங்க புத்திசாலிங்க. இந்த ஏரியாவுல மொத்தமே ரெண்டு வீடு இருக்கற பாஷைக்காரங்ககூட ரெண்டு வீட்டுலயும் வேணும்னு சொல்லிட்டாங்க. நாம இங்க மூணாவது பெரிய கூட்டமாம். கணக்குல பாத்தா வாயே இல்லாத கூட்டம்.

— கணக்க விடு. நம்ம மாடிப்படியில வந்து நின்னா தெரியும். கீழ்வீட்டுல ஒரு பாஷை, மேல்வீட்டுல ஒரு பாஷை, லிப்ட் நின்னு போச்சுன்னா எல்லாருக்கும் பொதுவா ஒரு பாஷை. சரி, அப்பறம் எப்படித் தப்பிச்ச?

— ஒரே ஒரு வீட்டுல வேணும்னு சொல்லியிருக்காங்க. அதுவும் கட்டாயம் வேணும்னு. சொன்னவருக்குத் தமிழ்ல ஒரு வார்த்தை தெரியாது. இத்தனை தமிழ் வீட்டுல வேண்டாங்கறத இவர் ஏன் கேக்கறார்னு எங்க மேனேஜரம்மாவுக்குக் குழப்பம். கணக்கெடுத்த பொண்ணக் கூப்பிட்டு விசாரிச்சாங்க. அவ சொன்னாளாம், வேண்டாம்னு சொன்னவங்க எல்லாருமே போனத் தூக்கிக் காட்டி, "எங்களுக்கு அக்கா இருக்காங்க"ன்னாங்கன்னு.

— ஐயோ.

— அந்த அக்கா நான்தான்னு தெரிஞ்சதும் மேனேஜரம்மா சிரிச்சுட்டாங்க. அப்ப வேண்டாம்னு சொன்ன வீடெல்லாம் வேணும்னு சொன்ன வீடுதான்னுட்டாங்க. வேலை இனிமே நிரந்தரமாம்.

— ஏம்மா, இத முதல்ல சொல்லக்கூடாதா? வயித்துல பால வார்த்த. அந்த மனுஷன் எந்த வீடு? நேர்ல போய் ஒரு கும்பிடு போட்டுட்டு வரணும். ஆமா, தமிழ் தெரியாதவருக்குத் தமிழ் ஆள் எதுக்கு?

— அவர் பொண்டாட்டி தமிழ்ப் பொண்ணு. இந்த ஊர் பாஷை நல்லாவே பேசுவா. ஆனா வலின்னு வந்துட்டா தமிழ் மட்டும்தான் வருமாம். கதவுல விரல் நசுங்கினப்ப அவ கத்தினது ஒண்ணும் புரியாம அவர் திருதிருன்னு நின்னாராம். இப்ப அவளுக்கு ஏழு மாசம். பிரசவத்தப்ப அவ என்ன கேக்கறான்னு தெரியாம நிக்க மாட்டேன்னு சொல்லிட்டார்.

— நல்ல பையன். எந்த ஊர்க்காரனா இருந்தா என்ன, இந்த மாதிரி ஒருத்தன் கிடைக்க அந்தப் பொண்ணு குடுத்து வெச்சிருக்கணும்.

— நீங்களா சொல்றீங்க?

— ஏன், நான் சொல்லக்கூடாதா? அது சரி, ஏரியா பூரா உன் நம்பர் இருக்கு, அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் எப்படி இல்லாமப் போச்சு?

— என் நம்பர நீங்கதானே மாத்தச் சொன்னீங்க. அவ வேற ஊர்க்காரரக் கட்டிக்கிட்ட மறுநாளே. யாரும் அவளுக்குக் குடுக்கக்கூடாதுன்னு தையல்காரர்கிட்டகூட சத்தியம் வாங்கினீங்க.

— நம்ம பொண்ணா?

— நம்ம பொண்ணுதான். ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம், ரொட்டிக்கடை மாடியில இருக்கா.

— தெரியும்.

— தெரியுமா?

— தினம் அந்த ஸ்டாப்புல நிறுத்தறேனே. யாரும் ஏறலைன்னாலும் கதவத் திறந்து வெச்சிட்டு நிப்பேன். முன்னெல்லாம் மொட்டைமாடியில துணி காயப் போட வருவா. கொஞ்ச நாளா காணோம். வேற எங்கயாவது போயிட்டாங்களோன்னு இருந்தேன்.

— எங்கயும் போகல. படி ஏறக்கூடாது, கனம் தூக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்.

— உடம்பு நல்லாத்தானே இருக்கு? நீ பாத்தியா?

— மதியம் ரெண்டு பேரும் வந்தாங்க. வர்ற ஆள் அவளோட அம்மாதான்னு அவருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிஞ்சும் அவர்கிட்ட சொல்லல. டாக்டர் கேள்வியா கேட்டுக்கிட்டே இருக்கார். அவளும் அழறா, நானும் அழறேன். அவர் பயந்துபோய், என்ன சொல்றா, என்ன சொல்றான்னு என் கையப் புடிச்சிக்கிட்டார். மொழிபெயர்க்கறதுக்கு ஒண்ணும் இல்ல மாப்பிள்ளைன்னேன்.

— மாப்பிள்ளைன்னா கூப்பிட்ட?

— வாயில வந்துடுச்சு. தப்பா?

— இல்ல. தப்பில்ல. குழந்தை?

— நல்லா உதைக்குதாம். எல்லாம் சரியா இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டார்.

— அது போதும். நம்பரக் குடுத்துட்டு வந்தியா இல்லியா?

— குடுத்தேன்.

— நல்ல காரியம் பண்ணினம்மா. எந்நேரமும் உன் போன் பக்கத்துலயே இருக்கட்டும்.

— என் நம்பர் இல்லைங்க. திடீர்னு வலி எடுத்தா பாஷை தெரிஞ்சவ மட்டும் போதுமா, வண்டி ஓட்டத் தெரிஞ்சவர் வேண்டாமா? உங்க நம்பரத்தான் குடுத்திருக்கேன்.