சிலுவை இல்லாத கிரீடம்

பென்சிலில் கிரீடம் வரைகிறவர்கள் பெரும்பாலும் முனைகளில்தான் ஆரம்பிக்கிறார்கள், ஃபாதர். அது தப்பு. முதலில் நெற்றிப் பட்டை. தலை உருண்டை என்பதால் பட்டை வளைந்துதான் போக வேண்டும். அப்புறம் நடுக்கோடு, கடைசியாக முனைகள். இருபது வருஷமாக வீட்டுப் பிளான் வரைகிறவன் நான். கோடு கோணினால் சோறு இறங்காது. என் தங்கை மகள் ஸ்னேஹாவுக்கு இதை நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

பாவசங்கீர்த்தனத்துக்கு வந்து கதை பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். இங்கே கேட்டது உங்களைத் தாண்டிப் போகாது என்பது தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஸ்னேஹாவுக்குப் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்கப் போகிறாள். தகப்பன் இடத்தில் நான் நிற்க வேண்டும். சுத்தமாக நிற்க ஆசை.

போன கிறிஸ்துமஸுக்கு நம் மர்பி டவுன் கேரல் குழுவில் நானும் டேரிலும் சுந்தரமும் மூன்று ராஜாக்கள். பஞ்சுத் தாடி வைத்துவிட்டால் யார் முகமும் தெரியாது. அவரவர் கிரீடத்தை அவரவரே அட்டையில் செய்துகொள்வது வழக்கம். எல்லாரும் உச்சியில் ஒரு சிலுவை ஒட்டுவார்கள். நான் ஒட்ட மாட்டேன். பிறந்த குழந்தையைப் பார்க்க வந்த ராஜாக்களுக்குச் சிலுவை எப்படித் தெரியும்? ஊரோடு ஒத்துப் போயேன் என்று வருஷா வருஷம் கேலி செய்வார்கள். நீங்களும் சிரித்திருக்கிறீர்கள்.

அன்று சாயங்காலம் குழு வேஷம் கலைக்காமல், தாடியும் கிரீடமுமாக எங்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தது. என் தங்கை ஜோசபின் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். அவள் கணவன் இறந்த பிறகு ஆறு வருஷம் அவளையும் குழந்தையையும் வைத்துப் பார்த்துக்கொண்டவன் நான்.

"அண்ணே, ஈஸ்டர் முடிஞ்சதும் டேரிலைக் கட்டிக்கிட்டு ஆனேக்கல் போறேன். ஸ்னேஹாவுக்கு அங்கேயே ஸ்கூல் பாத்தாச்சு," என்றாள். கொடியில் கிளிப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

தோளைத் தொட்டேன். எங்கள் மாடிச் சுவர் முழங்கால் உயரம்தான். துணி எடுக்கும்போது தவறி விழுந்துவிட்டாள் என்று எல்லாரும் சொன்னார்கள். அடக்கத்துக்கு நீங்கள்தான் ஜெபம் செய்தீர்கள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஸ்னேஹா விளையாடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். ஜனவரியில் ஸ்ரீவித்யா மிஸ் ஸ்கூலுக்குக் கூப்பிட்டார்கள். "சார், தெனமும் இதையேதான் வரையறா. மாடி, அவங்கம்மா, பக்கத்துல கிரீடம் வெச்ச ஒரு ஆள். தள்ளுற மாதிரி இருக்கு சார். போலீஸ்ல சொல்லணும்."

நோட்டை வாங்கிப் பார்த்தேன். பழகாத பென்சில் கோடுகள். ஆனால் ஒரு பக்கத்தில்கூடக் கிரீடத்தின் உச்சியில் எதுவும் இல்லை. மிஸ் அதைக் கவனித்திருக்கவில்லை. போலீஸில் நானே கொடுக்கிறேன் என்று நோட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் யாரும் பார்க்காதபடி அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். ஒரு எட்டு வயதுக் குழந்தைக்கு அவ்வளவு பயப்படுவேன் என்று நினைத்ததில்லை.

மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். பட்டை, நடுக்கோடு, முனைகள், உச்சியில் சிலுவை. பழைய பக்கங்களிலும் அவள் விரல்களுக்குள் பென்சிலை வைத்து, என் கையை மேலே வைத்து, ஒவ்வொன்றாகச் சிலுவை போட்டோம். அவள் கை சில்லென்று இருந்தது. ஜனவரிக் குளிர்.

இன்ஸ்பெக்டர் முன்னால் அவளே அழகாக வரைந்தாள். சுந்தரம் கீழே கிட்டார் வாசித்துக்கொண்டிருந்ததை எல்லாரும் பார்த்திருந்தார்கள். டேரில் போன் பேசத் தனியாகப் போயிருந்தான். என் கிரீடத்தில் சிலுவை கிடையாது என்று மர்பி டவுனே சாட்சி சொன்னது. டேரில் இன்னும் ஜெயிலில் இருக்கிறான். தினமும் அவனுக்காக ஜெபிக்கிறேன்.

தொட்டேன் என்றேன். இந்த இடத்தில் பொய் கூடாது. இரண்டு கையாலும் தள்ளினேன். குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாருக்காக இருப்பது என்ற பயம், வேறொன்றும் இல்லை.

நாளைக்கு ஸ்னேஹா முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு உங்களிடம் வருவாள். நேற்று என்னிடம் மெல்லக் கேட்டாள், "மாமா, பொய்யா சிலுவை போட்டேன்ல, அத ஃபாதர்கிட்ட சொல்லணுமா?" இத்தனை மாதத்தில் அவள் பேசிய முதல் பேச்சு.

"வேணாம் கண்ணு. மாமாவே சொல்லிர்றேன்," என்றேன். அதற்குத்தான் இன்றைக்கே வந்தேன்.

தலையாட்டினாள். தங்கமான பிள்ளை. நான் அறைக்குள் வந்தால் எழுந்து சுவரோரமாகப் போய் நிற்கிறாள். உட்காரச் சொல்லும்வரை உட்காருவதில்லை, என் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதுமில்லை. ஜோசபின் வளர்த்திருந்தால் இந்த மரியாதை வந்திருக்காது, ஃபாதர்.