முதலில் ஹெட்போன்

ஐம்பது வயதில் கிற்றார் வாங்கி, இன்றுவரை ஒரு பாட்டும் வாசிக்கத் தெரியாதவன் நான். அதனால்தானோ என்னவோ, கல்லடிப் பாலத்தில் பஸ் போகும்போது முன் இருக்கைத் தம்பதியின் பேச்சில் காது போய் ஒட்டிக்கொண்டது.

"ஸ்பீக்கர் வச்ச எலக்ட்ரோனிக் டிரம் செட்டுக்குக் காசு சரியா இருக்கு. ஹெட்போனுக்குத்தான் காணாது," என்றார் கணவர்.

"ஹெட்போன் இல்லாட்டி நீங்க அடிக்கிறது ஊருக்கே கேக்கும். முதல்ல அத வாங்குங்க. டிரம்ம, வயல் வெள்ளாம வெட்டிக் காசு வந்தாப்பொறகு பாப்பம்."

"வெறும் ஹெட்போன வச்சி என்னத்தகா அடிக்கிற?"

"தலகணிய அடிங்க. பஞ்சும் இளகும்."

அவர் செட்டில் உள்ள டிரம்களை விரல்விட்டு எண்ணினார். "அப்ப அஞ்சு தலகணி வேணும்கா."

இருவரும் சிரித்தபடியே இறங்கினார்கள்.

வீட்டில் இதைச் சொன்னேன். என் மனைவி சுவரில் தொங்கும் கிற்றாரைப் பார்த்தாள்.

"உங்களுக்கும் நான் முதல்ல கிற்றார்ப் பைய மட்டும் வாங்கித் தந்திருக்கணும். உடுப்பாவது வச்சிருக்கலாம்."