கரட்டுப்பாலம் திறந்தாயிற்று

உங்கள் செல்போனில் பிரவுசரைத் திறந்து, முதல் இரண்டு எழுத்தை மட்டும் அடித்துவிட்டு என்ன வந்து நிற்கிறது என்று ஒருநாள் சும்மா பாருங்கள், சார். நாம் அடிக்கடி போகிற இடம் எதுவோ, மிச்சத்தை அதுவாகவே எழுதிக் காட்டும். நல்ல வசதிதான், நான் குறை சொல்லவில்லை. பழசை மறக்காது, புதுசை லேசில் கற்றுக்கொள்ளாது, அவ்வளவுதான் அதன் குணம். மனிதர்களுக்கும் அதே குணம்தான் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது.

கரட்டுப்பாலத்தைப் பற்றித்தானே கேட்டீர்கள். சொல்கிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் நடுவிலிருந்து சொன்னால் என்னை ஒரு கிறுக்கன் என்று நினைப்பீர்கள். முதலிலிருந்து வந்தால், என் இடத்தில் நீங்கள் இருந்தாலும் வேறென்ன செய்திருப்பீர்கள் என்று உங்களுக்கே தோன்றும்.

நான் நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் போன் எடுக்கிற வேலையில் இருந்தவன். லோடு பற்றிப் பேச வருகிற போனை விட ரோடு பற்றிக் கேட்டு வருகிற போன்தான் அதிகம். எந்தப் பாலத்தில் வேலை நடக்கிறது, எந்த ஊருக்குள் பகலில் டாரஸ் மாதிரிப் பெரிய லாரியை விடமாட்டார்கள், எங்கே மின்கம்பி தாழத் தொங்குகிறது, இதெல்லாம் டிரைவர்களுக்குத் தெரிய வேண்டும். ஒரே பதிலை இருபது பேருக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், ஒரு இணையதளம் ஆரம்பித்தேன். 'ரோடுசேதி' என்று பெயர் வைத்தேன். நானே யோசித்து வைத்த பெயர், சார்.

அந்தப் பெயரைத்தான் டொமைன் என்கிறார்கள். இணையத்தில் நம் வீட்டு விலாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் பெயரில் பதிந்திருக்கிறதோ அவர்களுக்குத்தான் அது சொந்தம். உள்ளே உட்கார்ந்து ராவும் பகலும் எழுதியவன் யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

நான் அதை என் தங்கை மஞ்சுளா பெயரில் பதிந்தேன். வெளியூர்க்காரன் கேட்டால் சிரிப்பான். எங்கள் ஆட்கள் யாரும் சிரிக்கமாட்டார்கள். எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் இணைச்சீர் செய்த பிறகுதான் மற்ற சடங்கெல்லாம். ஒருத்தனுடைய நல்லதெல்லாம் தங்கச்சி கையில் ஆரம்பிக்க வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவன் நான். அதிலும் மஞ்சுளா கை ராசியான கை. என் முதல் பைக்கை அவள்தான் ஸ்டார்ட் செய்தாள், இன்றைக்கும் ஓடுகிறது. அதனால் அவள் போனில், அவள் நம்பரில், அவள் மின்னஞ்சலில், அவள் விரலாலேயே அழுத்திப் பதியச் சொன்னேன். வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது அவள் போனுக்கு ஓடிபி வரும். "அம்மிணி, வந்துச்சா?" என்பேன். "வந்துச்சுங்ணா, எழுதிக்கங்க" என்பாள். அந்தக் குரலைக் கேட்பதற்காகவே அந்த நாளுக்குக் காத்திருப்பேன்.

தளம் நன்றாக வளர்ந்தது. வளர்த்ததில் பாதிப் பங்கு செபஸ்தியான் அண்ணனுடையது. சேலத்துக்காரர், சொந்த டாரஸ் வண்டி, கிளீனர் கிடையாது, கண்ணாடிக்குப் பக்கத்தில் ஜெபமாலை தொங்கும். வண்டியை ஓரம் கட்டிவிட்டு எனக்குக் குரல் பதிவு அனுப்புவார். "தம்பி, எடப்பாடி ரோட்டுல பெரிய குழி, மழத்தண்ணி நின்னா தெரியாது, போட்டு விடு. யாரோ ஒருத்தன் வீட்டுக்கு ஒழுங்கா போய்ச் சேரட்டும்." அவருக்கு இதனால் ஒரு லாபமும் இல்லை. தேடுபொறியில் சேலம், நாமக்கல் என்று ஊர்ப் பெயரோடு ரோடு என்று அடித்தாலே முதலில் நாங்கள்தான் வந்து நிற்போம்.

போன ஆவணியில் மஞ்சுளா மகள் வயசுக்கு வந்ததற்குத் தெரட்டிச் சீர் வைத்தார்கள். தாய்மாமன் நான். தட்டு எடுத்துக்கொண்டுதான் போனேன், ஆனால் அவர்கள் எதிர்பார்த்த மாதிரி இல்லையாம். பின்னால் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் புதுப்பிக்கிற நாள் வந்தது. வழக்கம்போல, "அம்மிணி, வந்துச்சா?" என்றேன். "வரலீங்ணா" என்றாள். மறுநாளும் வரவில்லை. அதற்கடுத்த நாள் என் பாஸ்வேர்டை என் தளமே ஏற்கவில்லை.

திருச்செங்கோட்டுக்குப் போனேன். அவள் புருஷன் கந்தவேல் அங்கே செல்போன் கடை வைத்திருக்கிறான். காபி வாங்கிக் கொடுத்தான், மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

"ஏனுங் மச்சான், பேரு யாரு பேர்லீங்க இருக்குது? உங்க தங்கச்சி பேர்லதானுங்க. நீங்க செய்யாம உட்ட சீர்னு நெனச்சுக்கறமுங்க" என்றான்.

வீட்டுக்குப் போய் மஞ்சுளாவைக் கேட்டேன். "நான் என்னத்தைங்ணா சொல்றது? எல்லாம் அவருதான் பாத்துக்கறாருங்க. உங்களுக்கென்னங்ணா, கெட்டிக்காரரு, புதுசா ஒண்ணு ஆரம்பிச்சுக்கங்க" என்றாள். பேசிக்கொண்டே துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருந்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்திருப்பேன், சத்தியமாகச் சொல்கிறேன். அவள் கையில் ஆரம்பித்ததை அவள் கையாலேயே பிடுங்கிக்கொண்டாள். வயிறு எரிந்தது, சார். இப்போதும் எரிகிறது.

சரி என்று புதுசாக ஆரம்பித்தேன். வேறு பெயர், வேறு விலாசம். எல்லாவற்றையும் மறுபடி எழுதினேன். தேடுபொறி என்ன செய்தது தெரியுமா? பழைய தளத்தில் இருப்பதையே இவனும் எழுதியிருக்கிறான், இவன் காப்பியடிக்கிறவன் என்று முடிவு கட்டிக் கடைசிப் பக்கத்தில் தூக்கிப் போட்டது. எழுதியவன் நான், காப்பியடித்தவனும் நான். பிரவுசர் அதற்கும் மேலே போயிற்று. ஏதோ ஒரு சான்றிதழை நான் வாங்கிப் போடத் தாமதமாகிவிட்டது, அதற்குள் என் தளத்தைத் திறந்தாலே 'இது பாதுகாப்பானது அல்ல' என்று எழுதிக் காட்டியது. கந்தவேலின் தளத்தில் அழகாகப் பூட்டுப் படம் போட்டிருந்தது. தங்கச்சியிடம் கோபப்பட்டேன், சரி. ஒரு இயந்திரம் துரோகம் செய்தால் யாரிடம் போய்ச் சட்டையைப் பிடிப்பது?

கந்தவேலுக்கு ரோட்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் அவன் தளத்தில் தினமும் புதுச் செய்தி வந்தது. பார்த்தால், என்னுடையதுதான். தினமும் காலையில் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் வந்து என் புதுத் தளத்திலிருந்து வரி விடாமல் அள்ளிக்கொண்டு போகிறது. இதை நிரூபிக்க நான் ஒரு காரியம் செய்தேன். பனமரத்துப்பட்டி ஏரிப் பக்கம், 'செல்லாயி பஞ்சர் கடை, எந்நேரமும் திறந்திருக்கும்' என்று ஒரு வரி போட்டேன். அங்கே கடையும் கிடையாது, செல்லாயியும் கிடையாது. மறுநாள் காலை செல்லாயி அவன் தளத்தில் கடை திறந்துவிட்டாள். கையும் களவுமாகப் பிடித்தேன் என்று சந்தோஷப்பட்டேன். புகார் கொடுக்கப் போன இடத்தில், "பஞ்சர் கடைக்கெல்லாம் எந்த ஊர்ல கேஸ் எடுப்பாங்க? யாருக்காவது நஷ்டம் ஆச்சா?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. யாருக்கும் நஷ்டம் ஆகவில்லை. அதுதான் என் புகாரில் இருந்த குறை.

கரட்டுப்பாலம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெரிய ரோட்டில் நெரிசல் என்றால் கரட்டுக் குன்றை ஒட்டிக் குறுக்கே போகலாம், அந்த வழியில் ஓடையின் மேல் இருக்கிற பழைய பாலம். ஐப்பசி மழையில் நடுத்தூண் இறங்கிவிட்டது. டிரம்களை வைத்து அடைத்தார்கள். பைக் ஓட்டுகிறவர்களும் பால் வண்டிக்காரர்களும் போக வர, டிரம்களை ஓரமாக உருட்டிவிட்டார்கள். அதையும் நான் தளத்தில் போட்டேன்: 'தடுப்பு இல்லை என்று நம்பி உள்ளே போகவேண்டாம், பாலம் கனம் தாங்காது.' நான் பொறுப்பாக எழுதுகிறவன் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்கிற அந்த நாள் காலை, புரோகிராம் வருகிற நேரத்துக்குச் சற்று முன்னால், அந்த வரியை எடுத்துவிட்டு வேறு வரி போட்டேன். 'கரட்டுப்பாலம் வேலை முடிந்து திறந்தாயிற்று. லோடு வண்டிகள் போகலாம்.' வந்தது, அள்ளிக்கொண்டு போயிற்று. உடனே என் தளத்தில் பழைய வரியைத் திரும்பப் போட்டுவிட்டேன். ஆக, அன்றைக்கு முழுக்க என்னிடம் உண்மையும் அவனிடம் பொய்யும் இருந்தன. ஒரே ஒரு நாள்தான். மறுநாள் காலை புரோகிராம் வந்து உண்மையை எடுத்துக்கொண்டு போய்விடும். யாராவது ஒருத்தன் பாலம் வரை போய், பார்த்து, வண்டியைத் திருப்ப இடமில்லாமல் கஷ்டப்பட்டு, கந்தவேலைக் கண்டபடி திட்ட வேண்டும். அவன் வாயால் அது ஊர் பூராவும் பரவ வேண்டும். இதுதான் என் கணக்கு.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. இருட்டுகிற நேரத்தில் கோழித்தீவனம் ஏற்றிய ஒரு டாரஸ் பாலத்தோடு சேர்ந்து ஓடைக்குள் போயிற்று. அது செபஸ்தியான் அண்ணனின் வண்டி. கேபின் தண்ணீருக்குள் கவிழ்ந்திருந்ததால் கதவைத் திறக்க முடியவில்லை என்று சொன்னார்கள்.

நான் அந்தச் செய்தியை முதலில் எழுதினேன். பழைய தளம் பொய்த் தகவல் போட்டதையும், என் தளம் தொடர்ந்து எச்சரித்து வந்ததையும் படத்தோடு போட்டேன். டிரைவர்கள் ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டார்கள். இரண்டு நாளில் தேடுபொறியில் நான் முதலிடத்துக்கு வந்துவிட்டேன். சந்தோஷப்பட்டேன் என்று சொல்லமாட்டேன். பார்த்தேன், இன்னொரு தடவை அடித்துப் பார்த்தேன், அப்போதும் முதலில்தான் இருந்தது.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். சர்ச் வாசலில் தேர்பவனிக்குப் போட்ட தோரணத்தை இன்னும் அவிழ்க்கவில்லை. அவர் வீட்டம்மா இன்னாசிமேரி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "தம்பி, கிளம்பறப்ப உங்ககிட்டதான் பேசினாராம். எனக்கு போன் பண்ணி, மணிமாறன் கிட்ட கேட்டுட்டேன் மேரி, குறுக்குல வந்துர்றேன், தேர் கிளம்பறதுக்குள்ள வந்துருவேன்னு சொன்னாரு. உங்க மேல அவ்வளவு நம்பிக்கை தம்பி அவருக்கு" என்றார். அந்த அம்மா நல்ல மனசில்தான் சொன்னார். அங்கே நின்றிருந்த உங்கள் ஸ்டேஷன் ஆள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

ஆமாம், பேசினார். மழைக்கு முன்னால், நாலு மணி வாக்கில், நாமக்கல்லில் லோடு ஏற்றிக் கிளம்பும்போது கூப்பிட்டார்.

"தம்பி, பெரிய ரோட்டுல வண்டி நகரல. கரட்டுப்பாலம் தெறந்தாச்சுன்னு சைட்டுல போட்டிருக்கியே, நெசந்தானா? போன வாரம் வரைக்கும் மோசமா கெடந்துச்சே. இன்னிக்கு எங்க பங்குக் கோயில்ல தேர்பவனி, மேரி வாசல்லயே நிப்பா."

எந்த சைட்டில் பார்த்தீர்கள் என்று கேட்டேன். என் புது விலாசத்தை அவருக்கு எத்தனை தடவை அனுப்பியிருப்பேன். என் கண் முன்னாலேயே அதை அவர் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

"அட, பழசுதான் தம்பி. கை பழகிப்போச்சு. ரெண்டு எழுத்து அடிச்சா அதுவா வந்து நிக்குது. எல்லாம் நீ எழுதறதுதானே?"

எனக்கு மளுக்கென்று என்னவோ முறிந்தது, சார். தங்கச்சி போனாள், தேடுபொறி போயிற்று, பிரவுசர் போயிற்று, கடைசியில் இவருமா என்று இருந்தது. அவர் இரண்டு தடவை "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டார். "போட்டிருந்தா சரியாத்தாண்ணா இருக்கும்" என்றேன். "அது போதும் தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இதில் என் தப்பு என்ன என்று நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். அவர் என்னிடம் கேட்பதற்குப் பதிலாக என் தளத்தைத் திறந்து பார்த்திருக்கலாம். அதில் சரியாகத்தான் போட்டிருந்தேன்.