அண்ணன் சரியாக உச்சரித்த வார்த்தை

— அமைதி, அமைதி. நம் குடும்பத்தின் ஆங்கில இலாகா அமைச்சர் பேசப் போகிறார். சொல்லுண்ணா, அத்தை போன்ல கேட்டாங்க. அப்பாவுக்கு எப்ப ஆரம்பிக்கிறாங்களாம் அந்தப் பாலிட்டிவ்வை?

— பாலியேட்டிவ். 'பா'வை அழுத்திட்டு மத்ததை உருட்டி விட்டுடணும்.

— ஆகா, கேக்கவே பாதி நோய் போயிடுச்சு. அத்தைகிட்டயும் இப்படித்தான் உருட்டினியாம். 'எம் மருமகன் டாக்டரையே அசத்திட்டான்'னு ஒரே பெருமை.

— பாப்பா, அந்தக் கதவைச் சாத்து. அப்பா முழிச்சிருக்காரா?

— தூங்குறார். உனக்கு ஏன் இப்படி வேர்க்குது?

— அன்னிக்கு டாக்டர் ரெண்டு வழி சொன்னாரே. ஒண்ணு இன்னொரு ஆபரேஷன், இன்னொண்ணு இது. எது வேணும்னு கேட்டார்.

— நீ கழுத்து டையைத் தடவிக்கிட்டே இதைச் சொன்னே. பக்கத்துலதானே நின்னேன்.

— எனக்கு அர்த்தம் தெரியாது.

— எதுக்கு?

— அந்த வார்த்தைக்குத்தான். சொல்லத்தான் தெரியும். இவ்வளவு பெரிய பேரா இருக்கே, ஆபரேஷனைவிட உசத்தியா இருக்கும்னு நினைச்சுட்டேன். ஊருக்கே இங்கிலீஷ் கிளாஸ் எடுக்கிறவன், 'அப்படின்னா என்ன டாக்டர்'னு எப்படிக் கேப்பேன்? வீட்டுக்கு வந்துதான் அகராதியைப் பார்த்தேன்.

— என்ன போட்டிருக்கு?

— நோயை விட்டுடுவாங்களாம். வலியை மட்டும் பார்த்துப்பாங்களாம், கடைசி வரைக்கும். அன்னியிலேர்ந்து சோறு இறங்கலை, பாப்பா. என் வாய் ஜம்பத்துக்கு அப்பாவைக் கொடுத்துட்டேன். நாலு வார்த்தை திட்டு, இப்படி மலங்க மலங்கப் பாக்காதே.

— திட்ட என்ன இருக்கு. உன்னைக் கேட்டதே ஒரு மரியாதைக்குத்தான்.

— என்ன சொல்றே?

— நீ ஆஸ்பத்திரி வராந்தாவுல கண்ணாடி முன்னாடி நின்னு ஒத்திகை பார்த்துட்டிருந்தே. அதுக்குள்ள அப்பா டாக்டர்கிட்ட எல்லாத்தையும் கேட்டுட்டார். ஆபரேஷன் பண்ணினா என்ன, பண்ணலைன்னா என்னன்னு. போதும், வீட்டுக்கு அனுப்பிடுங்கன்னுட்டார். 'வெளிய என் பையன் பேசிப் பழகிட்டிருக்கான், அவன் எதைச் சொன்னாலும் தலையாட்டிடுங்க'ன்னும் சொன்னார். உங்கிட்ட மூச்சுவிடக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு. நானும் உன்னை இப்படி வேகவிட்டிருக்கக் கூடாது, தப்புதான்.

— அப்பாவா? யெஸ், நோவைத் தாண்டி அவருக்கு ஒரு வார்த்தை தெரியாதே. அதனாலதானே சொன்னேன், டாக்டர்கிட்ட என்னைத் தவிர யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு.

— டாக்டருக்குத் தமிழ் தெரியும்ணா.