இருமல் டானிக் பாட்டில்

அக்கா, சின்னவன் பேசறேன். வயசு இருபத்தி நாலு ஆயிடுச்சு, இப்ப இருக்கறது முதியோர் இல்லத்து மருந்து ரூம்ல. நான் பேசப் பேச போனே எழுதிக்குது. தப்பு இருந்தா திருத்திப் படிச்சுக்கோ, உக்காந்து டைப் அடிக்கத் தெம்பு இல்ல.

அம்மா நாள் பூரா கத்தறாங்க, நான் குடுத்தனுப்பின பாட்டில்ல இருந்து எத்தனை ஸ்பூன் குடுக்கறதுன்னு கேட்டிருந்த. சொல்றேன். முதல்ல அது என்னன்னு சொல்லிடறேன்.

இங்க ஒவ்வொருத்தர் மருந்து மேலயும் அவங்க பேரும் அளவும் ஒட்டியிருக்கும். ஒருத்தர் போய்ச் சேர்ந்துட்டா மிச்ச மருந்தைத் திருப்பி அனுப்பிடணும். அலமாரிச் சாவி என்கிட்டதான், பெரிய சிஸ்டருக்கு என் மேல அவ்வளவு நம்பிக்கை. இங்க இருந்த டெய்லர் தாத்தா போய்ச் சேர்ந்தப்ப அவரோட தூக்க மருந்தை நான் அனுப்பல. வீணாப் போகுமேன்னு காலி இருமல் டானிக் பாட்டில்கள்ல ஊத்தி வெச்சேன். இருமல் டானிக்கை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க.

ரேடியோம்மான்னு ஒருத்தங்க. வாய் ஓயவே ஓயாது, அதான் அந்தப் பேரு.

"டேய் தம்பி, என் பஸ் வந்துச்சா?"

"இல்லம்மா."

"வந்தா நிறுத்தி வைடா, நான் செருப்பு மாட்டிட்டு வர்றேன்."

மறுபடி முதல்லேருந்து. கூட வேலை பார்க்கற ஆயாக்கா, "கண்டக்டர் தம்பி, விசில் எங்கப்பா?"ன்னு சிரிப்பாங்க. எனக்கும் சிரிப்பு வந்துச்சு. அப்புறம் வரல. பக்கத்து ரூம்காரங்க புகார் குடுத்தா என்னைத்தான் ஊருக்கு அனுப்புவாங்க. அதனால அந்த டானிக்ல கொஞ்சம் குடுத்தேன். தூங்கினாங்க.

"ரேடியோவுக்கு பேட்டரி போயிடுச்சா? உனக்கு நல்ல கைராசிடா"ன்னாங்க சிஸ்டர். அப்புறம் அந்த ரூம் வரிசை முழுக்கக் குடுத்தேன். பாவம், எல்லாருக்கும் ஓய்வு வேணும்ல.

என் லீவு அன்னிக்கு ரேடியோம்மாவுக்கு நிஜமாவே இருமல். ஆயாக்கா லேபிளைப் பார்த்து, அதுல போட்டிருந்தபடியே வேளாவேளைக்குக் குடுத்திருக்காங்க. ரேடியோம்மா அப்புறம் எழுந்திருக்கவே இல்ல.

விசாரணைக்கு ஆள் வர்றதுக்குள்ள அந்த பாட்டிலைக் கழுவி, நிஜ டானிக்கை ஊத்தி வெச்சேன். ஆயாக்கா வேற எதையோ மாத்திக் குடுத்துட்டாங்கன்னு முடிவாச்சு.

"தம்பி, நீயாவது சொல்லுப்பா. பாட்டில்ல எழுதியிருந்ததைத்தானே குடுத்தேன்?"

நான் தட்டுகளைத் துடைச்சிட்டிருந்தேன். துடைச்சு அடுக்கி வெச்சேன். அவங்க வேலை போச்சு, கேஸ் நடக்குது.

நீயே யோசிச்சுப் பாருக்கா. நான் குடுத்த வரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆகல. அவங்க எழுதியிருந்ததை நம்பிட்டாங்க, நான் என்ன பண்ணுவேன்.

மிச்சத்தை இங்க வெச்சுக்க முடியல. அம்மாவுக்காவது ஆகட்டும்னு அனுப்பினேன். அது மேலயும் இருமல் டானிக்னுதான் ஒட்டியிருக்கு. அக்கா இல்லாம வீட்டுல வேற யார் இதைப் படிச்சாலும் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். லேபிளைப் பார்த்துக் குடுக்காதீங்க. எனக்கு ஒரு போன் போடுங்க, எத்தனை ஸ்பூன்னு நான் சொல்றேன்.