சந்தனப் பொட்டின் மேல் பழி

சந்தனம் பட்டால் கீபோர்டு நிற்காது, மேடம். எழுதுவதற்கு முன்னால் அந்த ஒரு வரியை மட்டும் கோடு போட்டு அடித்துவிடுங்கள்.

செல்லப்பாண்டிச் சித்தப்பா ஸ்டேஷனில் கொடுத்த புகாரை இப்போதுதான் வாசித்துக் காட்டினீர்கள். அவருடைய அண்ணன் வைகுண்டராஜ் வாய் பேச முடியாதவர். கீபோர்டில் அடித்துத்தான் பேசுவார். மகள் சுபாஸ்ரீ ஆயுத பூஜையன்று அதில் சந்தனத்தை அப்பிக் கெடுத்துவிட்டாள். அதனால் வலியைச் சொல்ல வழியில்லாமல் மனிதர் செத்துப்போனார். இதுதானே புகார்? கம்ப்யூட்டர் சர்வீஸ் தெரிந்தவன் என்ற முறையில் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். சுபாஸ்ரீயின் கணவன் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆமாம், சந்தனம்தான் காரணம் என்று ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். மனசு ஒப்பவில்லை. தப்பாகக் கண்டுபிடித்த பழுதுக்குக் கையெழுத்துப் போட்டு எனக்குப் பழக்கமில்லை.

என் கடை பழனிசெட்டிபட்டியில் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு மறுநாள் கடையைத் திறக்கும் முன்பே ஆள் நிற்கும். இந்தப் பக்கம் தராசுக்குப் பொட்டு வைத்த கை, மோட்டாருக்கும் பைக்குக்கும் கேஸ் அடுப்புக்கும் வைத்துவிட்டுக் கடைசியில் கம்ப்யூட்டருக்கும் வந்துவிடும். மவுஸின் வயிற்றில் சந்தனத்தைக் குழைத்து அப்பிவிட்டு, "ஓட மாட்டேங்குது" என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். வாத்தியார்களும் அதில் உண்டு. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஏதோ பெரிய வேலை பார்த்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுப்பேன். சந்தனம் காய்ந்தால் ஒன்றிரண்டு எழுத்து ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். வயரில்லாத கீபோர்டு மொத்தமாக நின்றால் அடியில் இருக்கிற சுவிட்சைப் பார்க்க வேண்டும். பிறகு பேட்டரியை. அதுவும் சரியாக இருந்தால் ரிசீவரை. ரிசீவர் என்பது விரல்நகம் அளவுக்கு ஒரு துண்டு. கம்ப்யூட்டருக்குப் பின்னால் செருகியிருக்கும். கீபோர்டில் அடிப்பதை அதுதான் வாங்கித் திரைக்கு அனுப்பும். அந்த வீட்டில் அப்படி ஒன்று இருப்பது என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கிற புத்தி வேண்டுமே.

மாமாவுக்குப் போடியில் ஏலக்காய் வியாபாரம். கடைக்குப் பின்னாலேயே வீடு. போன வருஷம் பக்கவாதம் வந்து இரண்டு காலும் இடது கையும் நாக்கும் போயின. வலது கையில் இரண்டு விரல் அசையும். பேனா பிடிக்க வராது. போன் திரையைத் தொட்டால் விரல் நடுங்கி நாலு எழுத்து ஒன்றாக விழும். புத்தி மட்டும் மாற்றுக் குறையவில்லை. கால் அசையாதே தவிர வலி தெரியும் என்று டாக்டர் எல்லோரையும் வைத்துக்கொண்டுதான் சொன்னார். காதில் வாங்கியது நான் ஒருவன்.

அவரைப் பார்த்துக்கொள்வதற்காகச் சுபா அங்கேயே வந்துவிட்டாள். நானும் வந்தேன். வீட்டோடு மாப்பிள்ளை என்று ஊர் சொன்னதை நான் பொருட்படுத்தவில்லை. அவருக்குப் பேச்சைத் திருப்பிக் கொடுத்தவன் நான்தான். கட்டிலுக்கு எதிரே டிவி, அதன் பின்னால் ஒரு சின்னக் கம்ப்யூட்டர், இடுப்புக்குப் பக்கத்தில் பலகையின் மேல் கீபோர்டு. அவர் அடிப்பது டிவியில் கொட்டை எழுத்தில் வரும். முதலில் "சுபா" என்று அடித்தார். அவள் டிவியைக் கட்டிக்கொண்டு அழுதாள். எல்லாவற்றையும் செய்து கொடுத்த நான் பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரோடு நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு நாள் கீபோர்டு உண்மையாகவே நின்றுபோனது. சுபா கடைக்குப் போன் போட்டு அழுதாள். வெயிலில் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து பார்த்தால், போர்வை உரசி அடியில் இருந்த சுவிட்ச் தள்ளிப்போயிருக்கிறது. நகத்தால் நகர்த்தினால் போதும். ஆனால் நான் ஸ்க்ரூ எல்லாவற்றையும் கழற்றிப் பரப்பி நிதானமாகத்தான் மாட்டினேன். அந்த நேரம் முழுக்க வீடே என்னைச் சுற்றி மூச்சு விடாமல் நின்றது. காப்பி வந்தது. சித்தப்பா எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்தார். மாமா முதல் வரியாக, "மாப்பிள்ளைக்கு நன்றி" என்று அடித்தார். ஒரு வீடு எப்படி இருக்க வேண்டுமோ அன்றைக்கு அப்படி இருந்தது.

மற்ற நாட்களில் அப்படி இல்லை. அவர் ஒரு வரி அடிக்க இட்லி வெந்து இறங்கிவிடும். அதுவரை சுபா வாயைப் பிளந்துகொண்டு எழுத்து எழுத்தாகப் படித்துக்கொண்டிருப்பாள். நான் சாப்பிட உட்கார்ந்தால், "செத்த இருங்க, அப்பா என்னமோ சொல்ல வாராக" என்பாள். அவர் சொல்ல வருவது, முன்பு எப்போதோ ஏலத்தில் ஒருவன் தும்மியதால் விலை ஏறிய கதையாக இருக்கும். இரண்டு பேரும் அதற்குக் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். நான் பேசுவதை அவள் அப்படிக் காத்திருந்து கேட்டதில்லை.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். கட்டிலைக் கூடத்துக்குத் தள்ளி, எதிரே இலை போட்டிருந்தார்கள். இன்டர்நெட் கேபிள் மலை மேல் எப்படிப் போகிறது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர்களுக்குப் புரியாது, தெரியும். இருந்தாலும் சொன்னேன். மாமாவின் விரல் அசைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள்.

"நான் பேசாம விட்டதையும் சேத்து மாப்பிள்ளை பேசுறாக" என்று வந்தது.

சித்தப்பா இலையில் சோறு சிதறச் சிரித்தார். சுபாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். மாமனார் மாப்பிள்ளையைக் கேலி பேசுவது வீட்டுக்கு வீடு உள்ளதுதான். அதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். கோபத்தில் செய்தான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

அதற்குப் பிறகு அவ்வப்போது ரிசீவரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். ஒரு சாயங்காலம், சில சமயம் ஒரு நாள். அவருக்கும் ஓய்வு, வீட்டுக்கும் ஓய்வு. பிறகு திருப்பிச் செருகி, பழுது பார்த்துவிட்டேன் என்பேன். காப்பி வரும்.

இந்த ஆயுத பூஜைக்கும் அப்படித்தான் முதல் நாள் ராத்திரியே கழற்றியிருந்தேன். எனக்குத் தெரியாமல் சுபா, அப்பாவின் ஆயுதம் இதுதான் என்று கீபோர்டுக்குப் பட்டையாகச் சந்தனம் வைத்துக் குங்குமமும் வைத்துவிட்டாள். காலையில் அவர் அடிக்கிறார், திரையில் ஒன்றும் வரவில்லை. நான் வாயே திறக்கவில்லை. அவளாகவே பொட்டைப் பார்த்தாள், முகம் வெளிறிப்போனது. அவர்களாக ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து அவர்களாகவே நம்பினார்கள். அதைக் கெடுக்க நான் யார்?

அதன்பிறகு அவர்கள் பார்த்த வைத்தியத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சித்தப்பா வந்து, டிவி ரிமோட்டைத் தட்டுகிற மாதிரி கீபோர்டைத் தொடையில் தட்டினார். மாமாவைப் பார்த்துக்கொள்ள வரும் முருகம்மாள், பேட்டரியைக் கழற்றி வத்தலோடு வெயிலில் காயவைத்தாள். சுபா காது குடையும் பஞ்சுக்குச்சியால் ஒவ்வொரு எழுத்தின் இடுக்கையும் துடைத்தாள், துடைத்துக்கொண்டே அழுதாள். புதுசாக வாங்கிவிடலாமா என்று கேட்டாள். இந்தப் பெட்டிக்கென்று ஜோடியாக வருவது, வேறு எதுவும் சேராது, மதுரையிலிருந்து பார்ட்ஸ் வர வேண்டும் என்று சொன்னேன். நம்பினாள். என் கடையில் வயர் வைத்த பழைய கீபோர்டுகள் குப்பையாகக் கிடக்கின்றன, மேடம். எதைச் செருகினாலும் அவர் பேசியிருப்பார். அந்த வீட்டில் ஒருவருக்காவது அது தோன்றியதா? கடைசியில் என் மனைவி, அப்பா மறுபடி பேசினால் அக்கினிச்சட்டி எடுப்பதாக வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். ஒரு கீபோர்டுக்காக அக்கினிச்சட்டி. இந்த மாதிரி ஆட்களோடுதான் நான் குடும்பம் நடத்தினேன்.

மாமாவிடம் கேள்வி கேட்டு, ஆமாம் என்றால் கண்ணை மூடச் சொன்னார்கள். தண்ணியா, ஃபேனா, ஒன்னுக்கா என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். அவர் கண்ணை மூடவே இல்லை. செத்துப்போன கால் என்று அவர்களே முடிவு கட்டிவிட்டதால் காலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. முருகம்மாள் மட்டும் இடது கெண்டைக்கால் வீங்கியிருக்கிறது என்றாள். டாக்டரிடம் சொல்லலாமா என்று சுபா என்னிடம் கேட்டாள். படுத்தே கிடந்தால் நீர் கோக்கத்தான் செய்யும் என்றேன்.

நேர்ந்துகொண்டதற்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கச் சுபா வீரபாண்டிக்குப் போயிருந்த மத்தியானம், முருகம்மாள் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ரிசீவரைப் பையிலேயே வைத்திருந்தால் தூசி ஏறும். வேலை செய்கிறதா என்று பார்க்கச் செருகினேன். நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விடும்போதே அவர் விரல் எழுத்தைத் தேட ஆரம்பித்துவிட்டது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் அடித்து முடிக்கும்வரை அவசரப்படுத்தவில்லை. அந்தப் பொறுமையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"இடது கால் வலி தாங்கல. டாக்டரக் கூப்புடுங்க மாப்பிள்ளை. அந்தத் துண்ட நீங்கதான் எடுத்து வச்சிருந்தீகன்னு எனக்குத் தெரியும். சுபாகிட்ட சொல்ல மாட்டேன்."

அதை நான் இரண்டு தடவை படித்தேன். பேரம், மேடம். ஆள் பாதி செத்துக் கிடந்தாலும் வியாபாரி வியாபாரிதான். மாதக்கணக்காக நான் கழற்றுவதையும் செருகுவதையும் படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். காப்பி வந்ததையும் பார்த்திருக்கிறார். எல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு எனக்குச் சலுகை தருகிறாராம். இரண்டு விரலை மட்டும் வைத்துக்கொண்டு என்னை மன்னிக்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திரையில் இருந்ததை அழித்தேன். ரிசீவரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். புழுக்கமாக இருந்தது, அவருக்கு ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

சுபா கோயில் திருநீறோடு வந்தாள். சரியாகிவிட்டதா என்று கேட்டாள். பார்ட்ஸ் இன்னும் வரவில்லை என்றேன். அப்பாவின் நெற்றியில் பூசினாள். அவர் அவளைப் பார்த்தார். பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தார். திரும்ப அவளைப் பார்த்தார். அப்படியே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சட்டையாப்பா? சட்டை மாத்தணுமா?" என்று கேட்டாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, அப்பா சொன்னது புரிந்துவிட்ட சந்தோஷத்தில், பீரோவிலிருந்து வெளுத்த சட்டை ஒன்றை எடுத்து வந்து அவருக்கு மாட்டிவிட்டாள். அவர் கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைத்துவிட்டது நான்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் மூச்சுத் திணறியது. தேனிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போதே ஒன்றும் மிச்சமில்லை. காலில் கட்டிய ரத்தம் நெஞ்சுக்கு ஏறிவிட்டது, கால் வலி என்று முன்பே தெரிந்திருந்தால் மருந்திலேயே கரைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். சுபா ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் வச்ச பொட்டுதான் எங்கப்பா வாய அடச்சிருச்சு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போதும் அதையேதான் சொல்கிறாள். கையில் சந்தனம் ஒட்டியிருக்கிறது என்று கழுவிக்கொண்டே இருக்கிறாள், தோல் உரிந்துவிட்டது. நான் ஒரு தடவைகூட, ஆமாம், உன்னால்தான் என்று சொல்லவில்லை. அந்த அளவுக்கு நான் கெட்டவன் இல்லை.

கீபோர்டு உங்கள் மேஜையில் இருக்கிறது. ரிசீவர் இதோ, இந்தச் சட்டைப் பையில்தான் இருந்தது. பழுது என்று எழுத வேண்டிய இடத்தில், ரிசீவரைக் கழற்றியது நான், வலி தெரிந்தும் திருப்பிச் செருகாதது நான் என்று எழுதுங்கள். அதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சாமான் நல்ல சாமான். அதில் ஒரு குறையும் இல்லை. சுடுகாட்டில் காடாற்றிவிட்டு வந்து எல்லோரும் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, உள்ளே போய்ச் செருகிப் பார்த்தேன். இடுக்கில் கொஞ்சம் சந்தனம் மிச்சம் இருந்தது. முதல் தட்டலிலேயே எழுத்து வந்தது.

சோதிக்க ஏதாவது ஒரு வரி அடிக்க வேண்டுமே. "உங்க பங்கையும் நானே பேசிக்கிறேன், மாமா" என்று அடித்தேன். சித்திரையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது வராத பதில், இப்போதுதான் வாகாக வந்து விழுந்தது. கூடத்துக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, யாராவது எட்டிப் பார்த்துச் சிரிப்பார்களா என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.